காதில் சொன்ன கல்யாணம்

தம்பி,

இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அப்பா சௌக்கியம். சம்பா நன்றாக வந்திருக்கிறது, மழை கொஞ்சம் விட்டால் தை பிறந்ததும் அறுத்துவிடலாம் என்கிறார். எனக்கும் முழங்காலைத் தவிர ஒன்றுமில்லை. உன் அக்காவைப் பற்றி மட்டும் அப்படி ஒரு வரியில் எழுத முடியவில்லை, அதனால்தான் இவ்வளவு தாள் பிடிக்கிறது. போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் நான் ஆரம்பித்தால் நீ "வேலையில இருக்கேம்மா, அப்புறம் பேசலாம்" என்கிறாய். நீயாகக் கூப்பிடும்போது மண்டபம், பத்திரிகை, சமையல்காரர் என்று பேச்சு போய்விடுகிறது. கடிதத்தை யாரும் நடுவில் வெட்ட முடியாது. இதை ஒளித்துவைத்துப் படிக்கவும் வேண்டாம். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணும் படிக்கட்டும், அவள் அப்பா அம்மாவும் படிக்கட்டும். நம் வீட்டைப் பற்றி அவர்கள் அடுத்தவர் சொல்லித் தெரிந்துகொள்வதைவிட என் எழுத்தில் தெரிந்துகொள்வது நல்லது. அம்மா அழுதுகொண்டே எழுதியிருப்பாள் என்றும் நினைக்காதே. எனக்கு அழுகை நின்று சில மாதங்கள் ஆகின்றன. சமைக்கிறேன், துவைக்கிறேன், டிவி பார்க்கிறேன். உள்ளே ஊசி போட்டு மரத்துப்போன இடம் மாதிரி இருக்கிறது, தொட்டால் தொடுவது தெரிகிறது, அவ்வளவுதான்.

அந்தப் பெண் படிக்கப் போவதால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். என் மூத்த பிள்ளை வசந்தி. பிரசவத்தில் மூச்சுத் திணறிப் பிறந்தவள். முப்பத்தாறு வயதாகிறது, புத்தி ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு உள்ளதுதான். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் வரை என்னோடுதான் இருந்தாள். ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்தவளை என்னால் தூக்க முடியவில்லை. அப்பா வயலிலிருந்து வரும்வரை நானும் அவள் பக்கத்தில் ஈரத்தரையில் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகுதான் தஞ்சாவூருக்குப் பக்கத்தில் இருக்கிற இல்லத்தில் சேர்த்தோம். நல்ல இடம். ஸ்டெல்லா சிஸ்டர் பொறுப்பில் இருக்கிறார், குரலை உயர்த்திப் பேசாத மனுஷி. அங்கே வசந்திக்குப் பூக் கட்டக் கற்றுக்கொடுத்தார்கள். வாழைநாரில் இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம் வைத்து முடிச்சுப் போட்டு, நான் ஒரு முழம் கட்டுவதற்குள் அவள் இரண்டு முழம் கட்டிவிடுவாள். நம் வீட்டுப் படங்களுக்கு எல்லாம் அவள் கட்டின பூதான் போட்டுக்கொண்டிருந்தோம்.

அவளிடம் ஒரு குணம் உண்டு. நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. நீ தவழ்கிற வயதில், நான் கிராம நர்ஸாக இருந்த காலம், போலியோ சொட்டு மருந்து முகாமுக்குப் போகவேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு அக்காவை வரச் சொல்லிவிட்டு, வசந்தியிடம் "தம்பிய பாத்துக்க, கண்ண எடுக்காத" என்று சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது நீ பாயில் தூங்கிக்கொண்டிருந்தாய். அவள் உன் முகத்துக்கு நேரே குனிந்து உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் சிவந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள், "நீ போனதுலேருந்து கண்ணக் கொட்டமாட்டேங்குதுடி, கொட்டினா தம்பி காணாமப் போயிடுமாம்." நான் சிரித்தேன், பிறகு கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டேன். யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே எடுத்துக்கொள்வாள். பெரியவர்கள் எதைக் கேட்டாலும் ஆமா என்பாள். இல்லை என்று சொல்ல அவளுக்கு நாம் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

இனி திருக்கடையூர். அப்பாவுக்கு அறுபது முடிந்தபோது நீதான் பிடிவாதமாக அந்த ஏற்பாட்டைச் செய்தாய். நம் வீட்டில் அதற்கு முன்னால் யாரும் அறுபதுக்கு மாலை மாற்றிக்கொண்டதில்லை. அடுத்தவன் வயலில் குனிந்தே கிடந்த ஜனம், அறுபது வரை இருந்தவர்களே குறைச்சல். அப்பாவுக்குக் கூச்சம். "நமக்கு எதுக்குடா இதெல்லாம்" என்றார். நீ கேட்கவில்லை. ஒரே பிராகாரத்தில் பத்துப் பதினைந்து ஜோடிக் கிழங்கள், ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு மேளம், யார் மேளத்துக்கு யார் தாலி கட்டுகிறார்கள் என்றே தெரியவில்லை. கலசத் தண்ணீரை எங்கள் தலையில் ஊற்றினபோது அப்பா வாய்க்காலில் முங்கினவர் மாதிரி தலையைச் சிலுப்பிக்கொண்டார், எல்லோரும் சிரித்தோம். வசந்தியை இல்லத்திலிருந்து முதல் நாளே அழைத்து வந்திருந்தோம். பச்சைப் பட்டுப்பாவாடை கேட்டாள், முப்பத்தாறு வயதுக்கு எந்தக் கடையில் பாவாடை கிடைக்கும், பச்சைப் புடவையே கட்டிவிட்டேன். காலையில் அவளுக்கு வடை கொடுத்தபோது எனக்கும் ஊட்ட வந்தாள். "வேணாம்மா, நான்தான் இன்னிக்குப் பொண்ணு. தாலி கட்டற வரைக்கும் பொண்ணு சாப்பிடக் கூடாது" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு நம் நாலு பேருக்கும் சந்தோஷமான நாள், அதை நான் இப்போதும் மறுக்கமாட்டேன்.

அவளை இல்லத்தில் கொண்டுவிட்டோம், நீ சிங்கப்பூர் போனாய். ஆனி பிறந்தபிறகு ஸ்டெல்லா சிஸ்டர் போன் பண்ணினார். வசந்தி காலையில் எழுந்ததும் தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு கேட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறாள், சாப்பிடக் கூப்பிட்டால் வருவதில்லை, பொழுது சாய்ந்தபிறகு கெஞ்சினால் இரண்டு வாய் சாப்பிடுகிறாள் என்றார். தனக்குக் கல்யாணம் என்று எல்லோரிடமும் சொல்கிறாளாம். ஆள் இளைத்துக்கொண்டு வந்தாள். ஒரு நாள் வெயிலில் கேட்டருகே உட்கார்ந்தவளை ஆயா கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள், இவள் அடித்துவிட்டாள். பிறந்ததிலிருந்து யாரையும் அடிக்காதவள். நான் போய்ப் பார்த்தேன். "ஏம்மா சாப்பிடல" என்றால் "கல்யாணம்" என்றாள். "யாருக்கு" என்றால் "எனக்கு" என்றாள். எங்கள் கல்யாணத்தைப் பார்த்த ஆசையில் ஏதோ சொல்கிறது பிள்ளை என்று நினைத்தேன். "சரிடா கண்ணு, பண்ணலாம், இப்பச் சாப்பிடு" என்றேன். இந்த வாயால் நானும் சொன்னேன், எழுதாமல் விட்டால் நியாயமில்லை.

மாதம் ஒருமுறை அங்கே வருகிற மனநல டாக்டர் ஆடியில் அவளைப் பார்த்தார். நான் அங்கே இல்லை, நாற்றங்காலுக்குத் தண்ணீர் வந்த சமயம். என்ன கேட்டார், என்ன சொன்னாள் என்று பிறகு சிஸ்டர் எனக்கு அப்படியே சொன்னார். 

"உனக்குக் கல்யாணமாமே?" 

"ஆமா." 

"யாரு சொன்னா?" 

"தம்பி." 

"தம்பி இங்க இருக்காரா?" 

"இல்ல. சிங்கப்பூர்ல." 

"சிங்கப்பூர்லேருந்து எப்படிச் சொன்னாரு?" 

"காதுல சொன்னான்." 

"இப்பவும் காதுல சொல்றாரா?" 

"ஆமா."

அந்த டாக்டரை நான் குறை சொல்லவில்லை. இந்தப் பதில்களை என்னிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் நானும் அதையேதான் நினைத்திருப்பேன். இல்லாத கல்யாணத்தை நம்புகிறாள், ஊரில் இல்லாதவன் காதில் பேசுகிறான், சாப்பாடு இல்லை, அடிக்கிறாள். சைக்கோசிஸ், அதாவது மனநோய், என்று எழுதினார். சிஸ்டர் போனில் கேட்டார், "நர்ஸம்மா, மாத்திரை ஆரம்பிக்கலாமான்னு டாக்டர் கேக்கறார்." நான் வேலையில் இருந்த காலமெல்லாம் ஜனங்களிடம் சொன்னதையே சொன்னேன், "டாக்டர் சொன்னா சரிதான் சிஸ்டர், ஆரம்பிங்க." எத்தனை வீட்டு வாசலில் நின்று, கேள்வி கேட்ட பெண்களைப் பார்த்து "உனக்குத் தெரியுமா, டாக்டருக்குத் தெரியுமா" என்று அதட்டியிருப்பேன். ஒருத்தியும் என்னைத் திருப்பிக் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

மாத்திரை வேலை செய்தது. கேட்டருகே உட்காருவது நின்றது, அடிப்பது நின்றது. உடம்பு ஊதிப்போயிற்று. கட்டிலில் உட்கார்ந்திருப்பாள், வாயோரம் எச்சில் வழியும், துடைத்துவிட்டால் துடைத்த கையையே பார்ப்பாள். கை நடுங்க ஆரம்பித்தது, நடுக்கத்துக்கு இன்னொரு மாத்திரை வந்தது. சாப்பிடுகிறாள் என்று சொன்னார்கள். போய்ப் பார்த்தால் ஆயா ஊட்டுகிறாள், இவள் வாயைத் திறக்கிறாள், விழுங்குகிறாள். தட்டை முன்னால் வைத்தால் தன் கையால் ஒரு பருக்கையை எடுப்பதில்லை. ஒரு தடவை கொஞ்சம் மல்லிகையும் நாரும் வாங்கிக்கொண்டு போய் மடியில் வைத்தேன். இரண்டு பூவை எடுத்து நாரில் வைத்தாள். முடிச்சுப் போடுவதற்குள் பூ விழுந்தது. மறுபடி வைத்தாள், மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை நான் வாங்கிவைத்துவிட்டேன். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் "இப்ப நல்லா அமைதியா இருக்கா" என்றார்கள். பஸ்ஸில் திரும்பும்போது அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார், "யூரியா கூடிப்போனாலும் பயிரு பாக்கறதுக்கு அழகாத்தான் இருக்கும். கதிரு புடிக்காது."

இப்படியே விட்டிருப்பேன். தீபாவளி கழித்துத்தான் திருக்கடையூர் வீடியோ வந்தது, அந்த வீடியோக்காரர் நம்மை இழுத்தடித்த கதை உனக்கே தெரியும். உன் கல்யாணத்துக்கு யார் யாருக்குப் பத்திரிகை வைக்கவேண்டும் என்று முகம் பார்ப்பதற்காகப் போட்டு உட்கார்ந்தேன். அப்பா தாலி கட்டி முடித்து, நான் கழுத்திலிருந்து மாலையைக் கழற்றி உன் கையில் கொடுக்கிறேன். நீ அதைக் கொண்டுபோய் வசந்தி கழுத்தில் போடுகிறாய். அவள் ஓரமாக உட்கார்ந்து மீதி வடையைத் தின்றுகொண்டிருக்கிறாள். மேளச் சத்தத்தில் நீ குனிந்து அவள் காதோடு வாயை வைத்து ஏதோ சொல்கிறாய். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். பிறகு கையிலிருந்த வடையைப் பார்க்கிறாள். அதை அப்படியே இலையில் வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி உட்காருகிறாள். அதற்குப் பிறகு பந்தியில் அவளுக்குப் பாயசம் வைக்கிறார்கள், தொடவில்லை. சந்தடியில் நான் அன்றைக்கு எதையும் கவனிக்கவில்லை. அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அப்பா "என்ன, அதையே பாக்கற" என்றார்.

மறுநாள் உனக்குப் போன் பண்ணிக் கேட்டேன், அக்கா காதில் அன்றைக்கு என்னடா சொன்னாய் என்று. நீ சொன்னாய், "அடுத்தது ஒனக்குத்தான்க்கான்னு சொன்னேம்மா. சும்மா சிரிக்கட்டுமேன்னு." இதில் உன்மேல் தப்பு இருப்பதாக ஒரு நாளும் நினைக்காதே. கல்யாண வீட்டில் கல்யாணமாகாத எந்தப் பெண்ணிடமும் சொல்கிற வார்த்தைதான் அது. என்னிடம் சொன்னார்கள், உன் சித்திகளிடம் சொன்னார்கள். வசந்தியிடம் மட்டும் அதுவரை யாரும் சொன்னதில்லை. எத்தனையோ கல்யாணத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன், பக்கத்தில் உட்கார்ந்த பெண்களின் கன்னத்தைக் கிள்ளி "அடுத்தது நீதாண்டி" என்பார்கள், இவளைத் தாண்டிப் போய்விடுவார்கள். நீ ஒருவன்தான் தாண்டிப் போகவில்லை. அவள் கண்ணைக் கொட்டாமல் உன்னைப் பார்த்துக்கொண்ட மாதிரியே நீ சொன்னதையும் பிடித்துக்கொண்டாள். அடுத்தது அவள். தாலி கட்டும்வரை பெண் சாப்பிடக் கூடாது. இரண்டையும் சேர்த்துவைத்துக்கொண்டு கேட்டருகே காத்திருந்தாள். இதில் எது பைத்தியம் என்று எனக்கு விளங்கவில்லை.

அதை உன்னிடம் சொன்னபோது நீ கேட்டுக்கொண்டாய். டாக்டரிடம் நீயே பேசவேண்டும் என்றதற்கு மட்டும் வேறு மாதிரிப் பேசினாய். "கல்யாணம் முடியட்டும்மா. அதுவரைக்கும் மாத்திரைய நிறுத்திடாத. மண்டபத்துல அக்கா நாந்தான் பொண்ணுன்னு மணவறையில வந்து ஒக்காந்துட்டா என்ன பண்றது? அவங்க வீட்ல பொறவியிலேயே கொஞ்சம் மந்தம்னுதான் சொல்லி வெச்சிருக்கேன். மனநோய்னு காதுல விழுந்தா குடும்பத்துக்கே இருக்கும்பாங்க." நீ பயந்ததில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். பெண் கொடுக்கிறவர்கள் நாலும் யோசிப்பார்கள். ஆனால் நீ கேட்டது என்ன என்று யோசித்துப் பார். மாத்திரை இருக்கட்டும், நோயின் பெயர் வெளியே தெரியவேண்டாம் என்கிறாய். தலைகீழாக இருக்கிறது தம்பி. பெயர் சரியாக இருந்தால் ஊருக்கே தெரியட்டும், நான் வெட்கப்படமாட்டேன், மாத்திரையும் போடட்டும். பெயர் தப்பாக இருந்தால் ஒரு கல்யாணம் அமைதியாக நடப்பதற்காக ஒருத்தியை மரக்கட்டையாக உட்கார வைக்க முடியாது. அந்த மாத்திரையால் எழுந்து நடமாடுகிறவர்களை நான் என் வேலையில் பார்த்திருக்கிறேன், அதை நான் பழிக்கவில்லை. அது இவளுக்கு வேண்டியதா என்றுதான் கேட்கிறேன்.

டாக்டர் வருகிற நாளன்று போய் உட்கார்ந்தேன். வீடியோவைப் போனில் காட்டினேன். பொறுமையாகத்தான் பார்த்தார். "நீங்க சொல்றது இருக்கலாம்மா. ஆனா அம்மாங்க எல்லாருமே ஒரு காரணம் கொண்டுட்டு வருவாங்க. காதுல என்ன சொன்னாருன்னு இதுல கேக்கல பாருங்க. சொன்னவரே எங்கிட்டப் பேசட்டும்." பிறகு கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு ஒன்று கேட்டார். "கல்யாணம் இல்லன்னு அவங்ககிட்ட யாராவது சொன்னீங்களா? நேரா, புரியற மாதிரி? சொல்லியும் விடலேன்னா அது நோய். சொல்லவே இல்லேன்னா, அத நானும் பாக்கல, ஒத்துக்கறேன்." நான் சிஸ்டரைப் பார்த்தேன், சிஸ்டர் என்னைப் பார்த்தார். யாரும் சொல்லவில்லை. சாப்பிட வைப்பதற்காக ஆயாக்கள் "மாப்ள நாளைக்கு வர்றாராம், இன்னிக்குச் சாப்புடு" என்றிருக்கிறார்கள். நான் பண்ணலாம் என்றிருக்கிறேன். சும்மா கேலிக்கு "மாப்ள எங்க வசந்தி" என்று கேட்டவர்களும் உண்டு. இத்தனை பேர் சேர்ந்து ஒரு கல்யாணத்தை நடத்திக்கொண்டிருந்தோம், அவள் ஒருத்தியை நோயாளி என்று எழுதிவைத்துவிட்டு. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, அது எனக்கும் தெரியும். நீ பேசினபிறகு, அவளை மறுபடி முழுதாகப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாமா என்று முடிவு செய்கிறேன் என்றார். அதனால் முடிவு இப்போது உன் வாயில் இருக்கிறது. அவருடைய நம்பரை அப்பா உனக்கு அனுப்புவார்.

இன்னொன்றும் கேட்கிறேன், இதைக் கேட்கத் தயங்கித்தான் தாளை நிரப்பிக்கொண்டே வந்தேன். தாலியில் முதல் முடிச்சு நீ போடுவாய். மற்ற முடிச்சு மாப்பிள்ளையின் அக்கா தங்கை போடவேண்டியது. சித்தப்பா மகளிடம் சொல்லி வைத்திருக்கிறாய் என்று தெரியும், அவளும் தங்கமான பெண்தான். ஆனால் உன் கல்யாணத்தில் நாத்தனார் முடிச்சுக்கு உரியவள் உயிரோடு இருக்கிறாள், அதுவும் முடிச்சுப் போடுவதையே தொழிலாகக் கற்றவள். கல்யாணமாகாதவள் போடலாமா என்று யாராவது இழுத்தால் என்னிடம் அனுப்பு. மணவறையில் வந்து உட்கார்ந்துவிடுவாளோ என்று பயந்தாயே, அவளுக்கு இதுதான் உன் இடம் என்று சொல்லிவிட்டால் வேறு இடத்தில் உட்காரமாட்டாள். இவ்வளவு வருஷத்தில் நீ அதைத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். கை நடுங்கினால் நான் கூடப் பிடித்துக்கொள்கிறேன். கெட்டிமேளம் கொஞ்ச நேரம் கூடுதலாக அடிக்கட்டும், அதற்கும் சேர்த்துத்தான் அவர்களுக்குக் கொடுக்கிறோம். இனிமேல் அவளிடம் எதைச் சொன்னாலும், நடக்கப்போவதை மட்டும் சொல். உன் பெண்டாட்டிக்கும் இதைச் சொல்லிக்கொடு. எங்களுக்குப் பிறகு அவளிடம் பேசப்போவது நீங்கள் இரண்டு பேர்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை நானே போய்ச் சொன்னேன். உனக்காகக் காத்திருக்கலாம் என்று முதலில் நினைத்தேன், பிறகு இது பெற்றவள் சொல்லவேண்டியது என்று பட்டது. காலையிலேயே முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனேன். இட்லியும் அவளுக்குப் பிடித்த தேங்காய்ச் சட்னியும் டப்பாவில் எடுத்துப் போயிருந்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எதிரில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். கை என் கைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது. 

"வசந்தி, அம்மா ஒண்ணு சொல்றேன். தம்பிக்குக் கல்யாணம்." 

வெகு நேரம் கழித்துத்தான் வாய் அசைந்தது. "எனக்குடி." 

சின்ன வயதில் விளையாடும்போது என்னை டி போட்டுப் பேசுவாள். பல மாதமாக அந்தக் குரலை நான் கேட்கவில்லை. 

"இல்லம்மா. ஒனக்கு இல்ல. தம்பிக்கு." 

"அடுத்தது?" 

"அடுத்தது தம்பிக்கு." 

"எனக்கு எப்ப?" 

சிஸ்டர் கதவோரம் நின்றிருந்தார். நான் அவர் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மறுபடியும் பண்ணலாம் என்று சொல்லியிருப்பேன். 

"ஒனக்குக் கல்யாணம் இல்லம்மா. தம்பி அன்னிக்கு விளையாட்டுக்குச் சொன்னான். மாப்ள யாரும் வரமாட்டாங்க."

அழுவாள் என்று நினைத்தேன், அடித்தாலும் அடிக்கட்டும் என்று நினைத்தேன். இரண்டுமில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அன்றைக்கு உன்னைப் பார்த்த மாதிரி. பிறகு கேட்டாள். 

"நான் பொண்ணு இல்லியா?" 

"இல்லம்மா." 

அவள் கண் என் பக்கத்திலிருந்த டப்பாவுக்குப் போயிற்று. 

"பொண்ணு இல்லன்னா சாப்பிடலாம்ல?"

நான் டப்பாவைத் திறந்து அவள் மடியில் வைத்தேன். ஆயா ஊட்டுவதற்கு எழுந்தாள், சிஸ்டர் தடுத்துவிட்டார். வசந்தி தன் கையால் எடுத்தாள். பாதி புடவையில் விழுந்தது, விழுந்ததையும் எடுத்துத் தின்றாள். சட்னியை விரலால் வழித்தாள். டப்பா காலியானதும் என்னிடம் நீட்டி, "இன்னும் இருக்கா?" என்று கேட்டாள்.

இப்படிக்கு,
உன் அம்மா